மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

முடக்குவாதம்னு சொன்னதும் நம்மாளுங்க நிறைய பேர் "வயசானா எல்லாருக்கும் வர்றது தானே"ன்னு அசால்ட்டா சொல்லிடறாங்க. அது மூட்டுத் தேய்மானம், வேற கேஸ். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ல நம்ம சொந்த நோய் எதிர்ப்பு செல்களே மூட்டோட உள்ளுறையில புகுந்து, வெளியாளைக் கண்ட மாதிரி சண்டை போடுது. முப்பது வயசுலயும் வரும்.

மருந்து இல்லாம இல்லை. முதல்ல எழுதிக் கொடுக்கறது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒரே ஒரு நாள். (சென்னை மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில நடத்தின ஆய்வுக்குழுவோட வேலையில பிறந்த மருந்து. அப்போ குறி புற்றுநோய்!) அது போதாதவங்களுக்காக அடுத்த கதவைத் திறந்தது மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும். 1992ல லண்டன்ல, டிஎன்எஃப்ங்கற புரதத்தை ஒரு ஆன்டிபாடியால அடைச்சுப் பார்த்தாங்க. வீக்கம் மளமளன்னு குறைஞ்சுது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனா டிஎன்எஃப் மூட்டுல மட்டுமா இருக்கு? நுரையீரல்ல தூங்கிட்டிருக்கற டிபி கிருமியைச் சுத்தி நிக்கற செல்களைக் கலையாம வச்சிருக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. அதை அடைச்சா டிபி முழிச்சுக்கும். 2001லயே இது தெரிஞ்சு போச்சு. உலக டிபி நோயாளிகள்ல சுமார் நாலுல ஒருத்தர் இந்தியாவுல இருக்காங்க. ஒரு மாட்யூல்ல பக் வந்தா மொத்த சர்வரையும் ஷட்டவுன் பண்றது அங்கே வெறும் அசௌகரியம், இங்கே ஆபத்து.

எங்க பெரியம்மாவுக்கு இந்த ஊசி போடலாம்னு முடிவான அப்புறம் டெஸ்ட் எடுத்தா, உள்ளுக்குள்ள டிபி இருக்கு. முதல்ல அதுக்கு மாத்திரை, ஒரு மாசத்துக்கு மேல காத்திருப்பு. டாக்டர் பண்ணது நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்த நாள்ல எல்லாம் தலை பின்னிக்கக்கூட அவங்களுக்கு இன்னொருத்தர் கை வேண்டியிருந்துச்சு.

அதனால தான் சொல்றேன், மூட்டுக்குள்ள இருக்கற செல்களை மட்டும் குறி வைக்கற ஆராய்ச்சி நமக்கு ஆடம்பரம் இல்லை. 2014ல அடலிமுமாபோட முதல் பயோசிமிலரை நம்ம நாட்டுக் கம்பெனி தான் கொண்டு வந்துச்சு, சந்தோஷம். விலை குறைஞ்சுது, டிபி பயம் குறையலையே.

சரி, மூட்டுக்குள்ள இருக்கற மேக்ரோஃபேஜ் எல்லாத்தையும் 'கில் மைனஸ் நைன்' அடிச்சுடலாமான்னு கேட்டா, கூடாது :-) 2019ல எலிகள்ல பார்த்திருக்காங்க: ஒரு வகை மேக்ரோஃபேஜ் மூட்டு உள்ளுறையில சுவர் மாதிரி வரிசையா நின்னு வீக்கத்தைத் தடுக்குது. 2020ல மனுஷங்ககிட்டயும், நோய் அடங்கினவங்க மூட்டுல அடக்கி வைக்கற வகை கூடுதலா இருந்துச்சு. ஆக, வேலை அழிக்கறது இல்லை, ஆள் பார்த்துப் பிரிக்கறது.

அதுக்கு மூட்டை எட்டிப் பார்க்கணும். 2021ல வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வுல 164 பேருக்கு மூட்டுத் திசுவை ஊசியால எடுத்துப் பார்த்தாங்க. ஆர்என்ஏ கணக்குப்படி பி செல்கள் குறைவா இருந்தவங்கள்ல டோசிலிசுமாபுக்கு 63 சதவீதம் பேர் தேறினாங்க, ரிட்டுக்சிமாபுக்கு 36 தான். எந்த மருந்து யாருக்குன்னு மூட்டே ஓரளவு சொல்லுது.

பெரியம்மாகிட்ட இதுவரைக்கும் ரத்தம் மட்டும் தான் எடுத்திருக்காங்க.