மாடு மேய்க்கத்தான் லாயக்கு

போன வாரம் ஸ்கூல் விட்டு வந்த என் மகள், பையைத் திண்ணையில போட்டுட்டுச் சொன்னாள்: "ஒழுங்கா படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவீங்கன்னு மிஸ் திட்டினாங்கப்பா. நாமதான் ஏற்கெனவே மேய்க்கிறமே?"

வீட்ல எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில நின்னுடுச்சு. நானும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இருபது வருஷத்துல பாடப்புத்தகம் மாறிடுச்சு, பரீட்சை மாறிடுச்சு. இந்த வசனம் மட்டும் மாறலை.

நான் படிச்சது ஈரோடு மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் கடலைக்காடு. கடலை வேர்முடிச்சுல ரைசோபியம் பாக்டீரியா இருக்கு, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்குதுன்னு மனப்பாடம் பண்ணினோம். படம் வரைஞ்சு பாகம் குறிச்சோம். சுவரைத் தாண்டி ஒரே ஒரு செடியைப் பிடுங்கி, "இதாண்டா அது"ன்னு யாரும் காட்டலை. ஒரு குதிரைத்திறன்னா 746 வாட். அது ரெண்டு மார்க் கேள்வி. எங்க கிணத்துல ஓடினது 5 எச்.பி. மோட்டார். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தக் கிளாஸ்ல நிஜமாவே மாடு மேய்ச்சுட்டு வர்ற பையன் ஒருத்தன் இருந்தான். காலையில அவிழ்த்து விட்டு, தண்ணி காட்டி, கட்டிட்டு, அப்புறம்தான் ஸ்கூலுக்கு வருவான். வாத்தியார் அந்த வசனத்தைச் சொல்றப்ப எல்லாம் நாங்க திரும்பி அவனைப் பார்ப்போம். அவன் தலையைக் குனிஞ்சுக்குவான். பத்தாவதோட நின்னுட்டான். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. போன வருஷம் ஒரு கல்யாணத்துல பார்த்தப்ப, "மாடு ஏதாச்சும் வெச்சிருக்கியாப்பா?"ன்னு கேட்டேன். "வேண்டாம்ப்பா. எம்பையனை எவனும் மாடு மேய்க்கிறவன் மகன்னு சொல்லக்கூடாது"ன்னான்.

என் கதையும் யோக்கியம் இல்லை. 2004ல பிளஸ் டூ முடிச்சு, நுழைவுத்தேர்வும் எழுதி, 300க்குக் கட்-ஆஃப் கணக்குப் போட்டு, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தேன். காலேஜ் பாரத்துல 'தந்தை தொழில்'னு ஒரு கட்டம். அதுல நான் எழுதினது 'பிசினஸ்'. எனக்கு ஃபீஸ் கட்ட மஞ்சளை விக்க மண்டிக்குப் போயிருந்தார் அப்பா. அன்னிக்கு அந்தக் கட்டத்துல அவரை அழிச்சது நான்தான். யாரும் என் கையைப் பிடிச்சு எழுத வைக்கலை. ஆனா கையைப் பழக்கினது அந்த வசனம்.

லேப்ல பம்ப் டெஸ்ட் பண்ணி, எஃபிஷியன்சி கணக்குப் போட்டு, ரெக்கார்ட்ல கிராஃப் வரைஞ்சேன். தீபாவளி லீவுக்கு வந்தா, புட்வால்வு ஒழுகி மோட்டார் தண்ணி எடுக்கலை. அப்பா குடம் குடமா ஊத்திட்டு இருக்கார். பம்ப்புக்கு ரெக்கார்ட் எழுதின நான் கரையில நின்னு வேடிக்கை பார்த்தேன்.

2008ல படிப்பு முடிஞ்சது. அமெரிக்காவுல பேங்க் கவுந்த வருஷம். வேலைக்கு வரச்சொன்ன கம்பெனி, தேதியைத் தள்ளிக்கிட்டே போச்சு. அந்தச் சும்மா இருந்த மாசங்கள்லதான் தண்ணி கட்டப் பழகினேன். அப்படியே தங்கிட்டேன். ஊர் என்ன சொல்லுச்சுன்னு தனியா சொல்லணுமா?

"அப்போ குலக்கல்வி வேணுங்கிறியா?"ன்னு நீங்க கேப்பீங்க. கேக்கணும். 1953ல ராஜாஜி கொண்டு வந்ததை அடுத்த வருஷமே காமராஜர் ஆட்சி தூக்கிப் போட்டது நூத்துக்கு நூறு சரி. மேய்க்கிறவன் மகன் டாக்டர் ஆகணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவன் டாக்டர் ஆக, அப்பன் வேலை அசிங்கம்னு முதல்ல நம்பணுமா? இதுதான் என் கேள்வி.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் இதுல பங்கு இருக்குங்க. பொங்கலுக்கு உழவர் திருநாள் வாழ்த்து அனுப்புறீங்க. நாட்டுமாட்டுப் பால் எங்கே கிடைக்கும்னு எனக்கே போன் பண்றீங்க. 2017ல மெரினாவுல ராத்திரி பகலா மாட்டுக்காக நின்னீங்க. சந்தோஷம். அதே நீங்க, பையன் கணக்குல மார்க் குறைஞ்சா என்ன சொல்லித் திட்டுறீங்க? மாட்டுக்கு மரியாதை, மேய்க்கிறவனுக்கு மரியாதை இல்லை. அப்புறம் "ஏன் சார் இந்தக் காலத்துப் பசங்க விவசாயத்துக்கு வர மாட்டேங்கிறாங்க?"ன்னு கேள்வி வேற. தண்டனைன்னு சொல்லிக் கொடுத்த வேலைக்கு எவன் விரும்பி வருவான்?

திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறேன். சண்டை போட இல்லை. தோட்டத்துல கடலை பூ விட்டிருக்கு, வேர்முடிச்சு நல்லா தெரியற நேரம். "ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க டீச்சர், பிடுங்கிக் காட்டறேன்"னு கேக்கப் போறேன். அப்படியே மாட்டையும் பார்த்துட்டுப் போகட்டும்.

உங்க வீட்ல அந்த ஒரு வசனத்தை நிறுத்துற வேலை உங்களோடது.