இல்லறக் கணக்கு: கேளாமல் கழியும் சந்தா



குடும்பச் செலவுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். கையால் எண்ணிக் கொடுக்கும் செலவு ஒன்று. கணக்கிலிருந்து தானே கழிந்து போகும் செலவு மற்றொன்று. அரிசியோ துவரம்பருப்போ கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் நம் இல்லத்தரசிகள் அன்றே கண்டுகொள்வார்கள். கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பமாட்டார்கள். இரண்டாம் வகைச் செலவுக்குக் கடைக்காரரும் இல்லை, பேரம் பேச இடமும் இல்லை. ஒரு குறுஞ்செய்தி வருகிறது, பணம் போய்விடுகிறது. அவ்வகையைச் சேர்ந்த ஒன்றை இந்த மாதம் எடுத்துக்கொள்வோம். ஓ.டி.டி. என்று சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோரும் வழங்கும் இணையவழிப் படக்காட்சியின் சந்தாவே அது.

மும்பையில் குடியிருக்கும் தமிழர்களாகிய நமக்கு இதை வெறும் கேளிக்கைச் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பெல்லாம் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமானால் மாட்டுங்கா அரோரா கொட்டகைக்குப் போவோம். தொலைக்காட்சியிலோ, இந்நகரத்துக் கேபிள்காரர் தரும் தொகுப்பு இந்திக்கும் மராத்திக்கும் ஏற்றவாறு அமைந்தது. தமிழ்ச் சானல்களை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்நிலையில் ஓ.டி.டி. வந்தது, டோம்பிவிலியிலும் தாராவியிலும் நெரூலிலும் வீட்டுக்குள்ளேயே தமிழ் கேட்கலாயிற்று. அது நன்மையே. அந்த நன்மைக்கு இன்று நாம் தரும் விலை என்ன, அது எவ்வாறு ஏறியது என்பதே கேள்வி.

இவ்வியாபாரத்தின் பத்தாண்டு வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2015 பிப்ரவரியில் ஹாட்ஸ்டார் தொடங்கியது; அதில் பெரும்பகுதியை இலவசமாகவே பார்க்க முடிந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. குறைந்த கட்டணமே மாதம் 500 ரூபாய். அதே ஆண்டு அமேசான் பிரைம் ஆண்டுக்கு 499 ரூபாய் என்ற அறிமுக விலையில் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவு மலிந்தது. கைப்பேசியில் படம் பார்ப்பது பணக்காரர் பழக்கம் என்ற நிலை மாறி, சால்களிலும் ஒற்றை அறை வீடுகளிலும் பரவியது.

பழக்கம் ஊன்றியபின் விலை நகர்ந்தது. பிரைமின் 499 ரூபாய் 999 ஆயிற்று. 2021 டிசம்பரில் 1,499 ஆயிற்று. 2025 ஜூனில் அதே சந்தாவுக்குள் விளம்பரங்கள் நுழைந்தன. அவை வேண்டாமென்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் என்றார்கள். கிரிக்கெட்டின் கதையும் இதுவே. 2023-லும் 2024-லும் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. பின்னர் ரிலையன்சும் டிஸ்னியும் இந்தியாவில் தத்தம் ஊடக வணிகத்தை இணைத்தன. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோஹாட்ஸ்டார் தோன்றியது. அவ்வாண்டின் ஐ.பி.எல். ஆட்டங்களை முழுமையாகப் பார்க்கச் சந்தாவோ, குறிப்பிட்ட ரீசார்ஜோ தேவைப்பட்டது.

நியாயமாகப் பேசுவதானால், எல்லா விலையும் ஏறிவிடவில்லை. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் அடிப்படைக் கட்டணத்தை 499-லிருந்து 199 ரூபாயாகக் குறைத்தது. ஆயினும் 2023 ஜூலை முதல் ஒரு சந்தா ஒரு வீட்டுக்கு மட்டுமே என்று அறிவித்தது. கல்யாணில் அண்ணன் கட்ட, செம்பூரில் தம்பி பார்ப்பது என்ற வழக்கம் அத்துடன் முடிந்தது.

இம்மாற்றங்களுக்குக் காரணம் தெளிவானது. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஆட்டங்களை இந்தியத் துணைக்கண்டத்தில் இணையவழியே காட்டும் உரிமை 2022 ஜூனில் 20,500 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இத்தனை பெரிய முதலை விளம்பரதாரரிடமிருந்தோ பார்ப்பவரிடமிருந்தோதான் திரும்ப எடுக்க முடியும். இலவசமாகக் கொடுத்த காலம் வாடிக்கையாளரைச் சேர்க்கும் காலம்; சந்தா கேட்கும் காலம் அறுவடைக் காலம். எந்த வணிகருக்கும் இது இயல்பே. வாங்குகிறவராகிய நாம் கணக்குப் பார்ப்பதும் அதுபோலவே இயல்பு.

இனிக் கணக்குக்கு வருவோம். மூன்று கைப்பேசிகள் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பம் 2025-ல் மூன்று சந்தாக்கள் வைத்திருந்ததாகக் கொள்வோம். நெட்ஃபிளிக்ஸ் மாதம் 199 வீதம் ஆண்டுக்கு 2,388, பிரைம் 1,499, ஜியோஹாட்ஸ்டாரின் நடுத்தரத் திட்டம், அதன் தொடக்க விலைப்படி, 899. ஆகக் கூடுதல் 4,786 ரூபாய்.

இதனுடன் ரீசார்ஜ் சேர வேண்டும். 2024 ஜூலையில் பெரிய தனியார் கைப்பேசி நிறுவனங்கள் யாவும் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 239-லிருந்து 299 ஆயிற்று. மாதத்துக்கு 60 ரூபாய்தானே என்று எண்ணுவோர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 28 நாள் என்பது ஒரு மாதமன்று. ஆண்டுக்கு 13 முறை கட்டுகிறோம். 299 வீதம் 13 முறை, மூன்று கைப்பேசிகளுக்கு 11,661 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 16,447. மாதத்துக்கு ஏறக்குறைய 1,370 ரூபாய். கேபிள் கட்டணமும் வீட்டு இணையக் கட்டணமும் இதில் சேரவில்லை.

இவ்வளவு கட்டியும், விரும்பிய படம் நம் கையில் உள்ள செயலியில் கிடைக்கும் என்ற உறுதி உண்டா? 'விக்ரம்' ஹாட்ஸ்டாரில் வந்தது; 'ஜெயிலர்' பிரைமில் வந்தது; 'லியோ' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. விஜய் டி.வி. தொடர்கள் ஓரிடம், சன் டி.வி. தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட் என்ற மற்றோரிடம். எல்லாக் கதவுக்கும் சாவி வாங்க முனைந்தால் வீட்டு வருமானம் தாங்காது.

இங்கே ரயில்வேக்காரன் என்ற முறையில் ஓர் எளிய உவமை சொல்கிறேன். டோம்பிவிலியிலிருந்து தாதருக்குப் போகிறவர் அந்தத் தூரத்துக்கு மட்டுமே சீசன் டிக்கெட் எடுக்கிறார். விரார் வழிக்கும் பன்வேல் வழிக்கும் சேர்த்து எடுப்பதில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போவதாயிருந்தால் அம்மாதம் எடுப்பதேயில்லை. காலம் முடிந்தால் டிக்கெட் தானே புதுப்பித்துக்கொள்வதுமில்லை. தேவைப்பட்டால் நாமே மறுபடி எடுக்கிறோம். சந்தாவையும் இம்முறையில் நடத்தலாம்.

வீட்டார் நாள்தோறும் பார்க்கும் ஒன்றை மட்டும் ஆண்டுச் சந்தாவாக வைத்துக்கொள்வோம். மற்றவற்றை வேண்டிய மாதத்துக்கு மட்டும் எடுத்து, முடிந்ததும் நிறுத்துவோம். மேற்சொன்ன விலைகளில், ஆண்டு முழுதும் ஜியோஹாட்ஸ்டாருக்கு 899. நெட்ஃபிளிக்ஸ் மூன்று மாதத்துக்கு 597. பிரைம் மாதம் 299 வீதம் இரண்டு மாதத்துக்கு 598. மொத்தம் 2,094 ரூபாய். மிச்சம் 2,692. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்கும் காலணிக்கும் அது உதவும். பிரைம் சந்தாவில் பொருள்களை வீட்டுக்கு அனுப்பும் சலுகையும் அடங்கியிருப்பதால், அடிக்கடி பொருள் வாங்கும் குடும்பத்தின் கணக்கு வேறுபடலாம். அவரவர் கணக்கை அவரவர் போடுக.

நிறுத்துவது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தானாகக் கழியும் பணம் குறித்து ரிசர்வ் வங்கி வகுத்த விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக நமக்கு அறிவிப்பு வரவேண்டும்; வேண்டாமென்று விலகும் உரிமையும் நமக்கு உண்டு. ஆகவே அந்தக் குறுஞ்செய்தியைப் படியாமல் தள்ளிவிடலாகாது. வங்கிச் செயலியிலும் யு.பி.ஐ. செயலியிலும் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், நாம் கொடுத்துள்ள அனுமதிகளைக் காணலாம். வேண்டாததை அங்கேயே நீக்கலாம். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் மட்டும் சந்தா நின்றுவிடாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

சந்தாவை எளிதில் நிறுத்த முடியாதபடி மறைத்து வைப்பதையும், இலவசமாகப் பார்க்கவே பணம் கழிக்கும் அனுமதியைக் கட்டாயமாக வாங்குவதையும் 'சந்தாப் பொறி' என்று வகைப்படுத்தி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் தடை செய்திருக்கிறது. அவ்வாறு அகப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வது அதனினும் முக்கியமானது.

செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் முடிவு செய்யும்போது, வெட்டு எங்கே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். பணம் கட்டுகிறவரின் கிரிக்கெட் நிற்பதில்லை. கல்லூரிப் பிள்ளையின் ஆங்கிலத் தொடர் நிற்பதில்லை. "அம்மா சும்மா ஏதோ தொடர்தானே பார்க்கிறாள்" என்று சொல்லி, தமிழ்ச் சந்தாவை முதலில் நிறுத்துகிறார்கள். அந்த அம்மாளோ திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ மகனை நம்பி வந்தவர். இந்தி தெரியாது; மராத்தி தெரியாது. நான்காம் மாடியில், காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் இரவு எட்டு மணிக்குத்தான் திறக்கிறது. இடையே உள்ள பன்னிரண்டு மணி நேரத்தில் அவர் காதில் விழும் தமிழ், அந்தப் பெட்டியிலிருந்து வருவது ஒன்றே. தொடரின் தரம் குறித்து நமக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். அவருக்கு அது பேச்சுத் துணை. பணம் கட்டும் கைப்பேசி அவரிடம் இல்லாத காரணத்தால் அவர் வாய் திறந்து கேட்பதுமில்லை.

ஆகவே குறைப்பதானால் வீட்டார் எல்லோரும், பெரியவர்கள் உட்பட, ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாற்று வழியின்றித் தனித்திருப்பவரின் தமிழைக் கடைசியாகத் தொடுங்கள். எவர் எந்தத் தொடரைப் பார்க்கிறார் என்று கேட்டு, அதற்குரிய ஒன்றையே ஆண்டுச் சந்தாவாக வையுங்கள். கேபிளோ டி.டி.எச். சேவையோ உள்ள வீட்டில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் விதிப்படி சானல்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். எவரும் பாராத தொகுப்பை நீக்கி, வேண்டிய தமிழ்ச் சானல்களை மட்டும் கேளுங்கள். காசில்லாத வழிகளும் உள்ளன. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இணைப்புக்கு மாதக் கட்டணமே கிடையாது, அதில் டி.டி. தமிழ் வருகிறது. நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணியின் தமிழ் நிலையங்களை இலவசமாகக் கேட்கலாம். பழைய பாட்டும் தமிழ்ச் செய்தியும் வீட்டில் ஒலித்தால் பெரியவர்களுக்கு அதுவே ஊரின் காற்று.

சிக்கனம் என்பது வீண் செலவைக் களைவது. ஒருவருடைய ஒரே துணையைப் பறித்து மற்றவர் மிச்சம் பிடிப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. இந்த மாதம் முதல் வாரத்தில், மளிகைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சந்தாவின் பெயர், தொகை, கழியும் தேதி, வீட்டில் அதைப் பார்க்கிறவர் யார் என்ற நான்கையும் எழுதுங்கள். நான்காவது கட்டம் வெறுமையாக இருக்கும் சந்தாவை அன்றே நிறுத்திவிடலாம்.

அடுத்த இதழில், ஊருக்குப் போகும் கோடை விடுமுறைப் பயணச் செலவைப் பற்றிச் சிந்திப்போம்.