காணொளி இருக்கிறது, ஆசிரியர் எங்கே?

ஒரு பருவத்தில் 20 விழுக்காட்டுப் பாடங்கள் வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்து, அதற்கான கிரெடிட்டைக் கல்லூரியில் பெறலாம் என்று 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. 2021இல் அந்த வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. ஐந்து பாடம் இருக்கும் பருவத்தில் இரண்டை வகுப்புக்கே போகாமல் முடித்துவிடலாம். மாணவருக்கு இது நல்ல வாய்ப்புதான். ஆனால் இதையே சாக்காக வைத்து, காலியான பேராசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் காலம் தள்ள எந்தக் கல்லூரிக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

இலவச இணையப் பாடங்களின் அருமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று அறிவித்தது 2001இல். அடுத்த இரண்டே ஆண்டில், 2003இல், ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசின் நிதியோடு என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐஐடி அதை ஒருங்கிணைத்து நடத்துகிறது; அதன் பாடங்கள் இப்போது ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. பொறியியலில் தொடங்கியது, இன்று மேலாண்மை, பொருளியல், மொழியியல், தத்துவம் என்று விரிந்திருக்கிறது. 2014இலிருந்து தேர்வும் சான்றிதழும் உண்டு. நுழைவுத் தேர்வில் லட்சக்கணக்கானோரை வடிகட்டி ஒரு சிலரை மட்டும் உள்ளே விடும் நிறுவனங்களின் வகுப்பறை, திருவாரூரிலோ தருமபுரியிலோ கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் திறந்திருக்கிறது. மக்கள் வரிப்பணம் இவ்வளவு நேர்த்தியாகச் செலவான திட்டங்கள் குறைவு.

பிறகு சிக்கல் எங்கே வருகிறது? என்பிடெலின் ஒரு பன்னிரண்டு வாரப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வாரந்தோறும் சில காணொளிகள், வாரக் கடைசியில் ஒரு அசைன்மென்ட். பன்னிரண்டு அசைன்மென்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால் சான்றிதழ். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் அசைன்மென்ட் வெளியான கொஞ்ச நேரத்திலேயே அதன் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன என்பது மாணவர்களுக்கும் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். காணொளியைத் திறக்காமலே முழு மதிப்பெண் வாங்க முடிகிறது.

அப்படி வாங்கும் மாணவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டிப் பயனில்லை. உண்மையாகவே படிக்க உட்காரும் மாணவி என்ன ஆகிறாள் என்று பார்க்க வேண்டும். மின்சுற்றுப் பாடத்தில் பேராசிரியர் சமன்பாட்டை விறுவிறுவென்று எழுதிப் போகிறார். ஓரிடத்தில் மின்னோட்டத்தின் குறி மைனஸாக மாறுகிறது. ஏன் மாறியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காணொளியைப் பின்னே ஓட்டிப் பார்க்கிறாள், மறுபடியும் அதே வரி, அதே வேகம். கேள்வியை எழுதி அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் தன் குழப்பத்தை ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறாள், தவிர தான் எங்கே குழம்பினோம் என்பதே அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுகொண்டு, சுண்ணக்கட்டியால் ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார். அவர் இல்லாத இடத்தில் அடுத்த வாரம் அவளும் டெலிகிராமுக்குப் போகிறாள்.

கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் இணையப் பாடத்தை வகுப்பாசிரியரோடும், வகுப்பே இல்லாமலும் என இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்துவிட்டது. 2012இல் எம்ஐடியின் மின்சுற்றுப் பாடக் காணொளிகளை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வர, வகுப்பு நேரம் முழுவதையும் அங்குள்ள பேராசிரியர் ஐயம் தீர்ப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் செலவிட்டார். 90 விழுக்காட்டுக்கு மேல் தேறினார்கள், முந்தைய தேர்ச்சியைவிட மிக அதிகம். மறு ஆண்டு உடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பாடங்களை முழுக்க இணையத்திலேயே நடத்தியது. தேர்ச்சி எதிலும் ஏறத்தாழப் பாதியைத் தாண்டவில்லை, திட்டமே நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குள் தொடங்கிவிட்டிருந்த கோடைக்கால வகுப்பில் நிலைமை மேம்பட்டது உண்மை. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். தானே படிக்கப் பழகியவர்களுக்குக் காணொளி போதும். முதல் தலைமுறைப் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வருபவருக்குப் போதாது.

அதே 2013இல் அங்குள்ள தத்துவத் துறையினர், ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்தும் நீதி குறித்த பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வசதியான பல்கலைக்கழகத்துக்கு நேரில் பேராசிரியர், அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அவரது ஒளிப்பதிவு என்று ஆகிவிடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

கல்லூரிகளில் வழிகாட்டி ஆசிரியரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்பிடெல் திட்டத்திலேயே இருக்கிறது. பல இடங்களில் அவருடைய வேலை பதிவு செய்யச் சொல்வதும் கட்டணம் கட்டக் கடைசித் தேதியை நினைவூட்டுவதும்தான். அவர் வேறு நான்கு பாடம் எடுக்கிறார், இதற்கென்று அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. வாரம் இரண்டு மணி நேரம் கால அட்டவணையில் இடம்பெற்று, அது அவருடைய பணிச்சுமையிலும் கணக்கில் வர வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் பெயரும் வகுப்பு நேரமும் குறிப்பிடப்படாத இணையப் பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது என்று மாநிலப் பல்கலைக்கழகங்கள் விதி கொண்டுவர வேண்டும்.

படிக்க ஒரு பைசா வேண்டாம் என்றாலும், தேர்வெழுதப் பணம் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு அந்தக் கட்டணம் நெடுங்காலமாக 1,000 ரூபாய் அளவில் இருந்துவருகிறது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இதை மாநில அரசே கட்டலாம்.

தமிழ் விஷயத்தில் இன்னும் பாதித் தொலைவு போக வேண்டியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. என்பிடெல் பாட உரைகள் பலவும் தமிழில் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் தேர்வுத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பாடத்தைத் தமிழில் தந்த பிறகு கேள்வியைத் தமிழில் தருவது பெரிய காரியமில்லை. ஆங்கிலமும் தமிழும் அருகருகே அச்சான வினாத்தாளைத்தான் நம் மாணவர்கள் அரசுப் பணித் தேர்வுகளில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். திட்டத்தை ஒருங்கிணைக்கும் நிறுவனம் சென்னையிலேயே இருக்கும்போது, தமிழ்நாடு அரசு அதனோடு பேசி அடுத்த தேர்விலேயே இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.