கொலையைக் காட்டாத கொலைப்படம்

கிரேக்க தேசம் இராணுவச் சர்வாதிகாரத்தின் கீழ் அடங்கிக் கிடந்த 1970-ஆம் ஆண்டில், தியோ ஆஞ்செலோபுலோஸ் தம் முதல் முழுநீளச் சித்திரமாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘அனபராஸ்தாஸி’, குற்றக் கதைகளில் நாம் வழக்கமாகத் தேடும் மர்மத்தை ஆரம்பத்திலேயே அவிழ்த்துவிடுகிறது. ஜெர்மனியில் உழைத்துவிட்டு எபிரஸ் மலைக்கிராமத்துக்குத் திரும்பியவனை அவன் மனைவியும் அவளுடைய காதலனும் சேர்ந்து கொன்றுவிட்டார்கள், நீதிபதி விசாரிக்கிறார், நடந்ததை மீண்டும் நடித்துக் காட்டச் சொல்கிறார், இருவரும் பழியை ஒருவர்மேல் ஒருவர் சுமத்துகிறார்கள்.

சட்டத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் 1939-இல் 1,250 பேர் வாழ்ந்த கிராமத்தில் 1965-இல் 85 பேரே எஞ்சினர் என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் சொல்லும்போது, ஆண்கள் பிழைப்புக்காக அந்நிய நாடு சென்றபின் அந்தக் கல்வீடுகளில் தனித்திருந்த பெண்களின் வாழ்வும் விசாரணைக்கு உரியதாகிறது என்பதை உணர்கிறோம். அதை விசாரிக்க எந்த நீதிமன்றமும் முன்வரவில்லை என்பதே என் ஆற்றாமை.

இறுதிக் காட்சியில் காமிரா முற்றத்திலேயே நிற்கிறது. குழந்தைகள் விளையாடுகின்றன. மூடிய கதவுக்குப் பின்னால் கொலை நிகழ்கிறது, நாம் காண்பதில்லை. மனித வேதனையை வேடிக்கைப் பொருளாக்க மறுத்த இந்தச் சம்யமம் உயர்ந்த கலைதர்மம். நவீன கிரேக்க சினிமா இப்படத்திலிருந்தே தொடங்குகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.