பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது?

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடு வாங்குவதே ஆகும். இருபது, முப்பது ஆண்டுகால உழைப்பு அதனுள் அடங்கியுள்ளது. ஊரில் அரை ஏக்கர் நிலம் வாங்குவதாயினும் மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என ஒவ்வொன்றையும் ஆள் வைத்துச் சரிபார்ப்பது தமிழர் வழக்கம். போரில் இடம்பெயர்ந்தபோது ஏனைய உடைமைகளையெல்லாம் விட்டுவிட்டுக் காணி உறுதியை மட்டும் கையோடு எடுத்து வந்த ஈழக் குடும்பங்களும் உண்டு. அத்தகைய மக்கள் அமெரிக்காவில் வீடு வாங்கும்போது மட்டும், ஒரு மணி நேரத்தில் நூறு பக்கங்களில் கையொப்பமிட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகின்றனர். கவுண்டிப் பதிவேட்டில் அவ்வீடு யார் பெயரில், எவ்வகை உரிமையில் பதிவாகியுள்ளது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. குடும்பத்தில் ஒரு துன்பம் நேரும்போதுதான் அந்தப் பக்கம் முதன்முறையாகத் திறக்கப்படுகிறது.

அமெரிக்காவில் பீரோவில் பூட்டி வைத்த பத்திரத்தைவிடக் கவுண்டியின் பொதுப் பதிவேட்டுக்கே மதிப்பு மிகுதி. பதியப்படாத பத்திரமும் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே செல்லும். ஆயினும் அதே வீட்டை, முந்தைய விற்பனை பற்றி அறியாது விலை கொடுத்து வாங்கி, முதலில் பதிவு செய்துவிட்ட மூன்றாம் மனிதருக்கு எதிராக அது பெரும்பாலும் நிற்காது. 1640ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றப் பகுதியில் இயற்றப்பட்ட பதிவுச் சட்டத்திலிருந்து இன்றுவரை இதுவே அடிப்படையாக இருந்து வருகிறது.

நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. அனைத்தையும் இணைக்கும் ஒரே பதிவேடு கிடையாது. பதிவு அலுவலகத்தின் பெயரும் இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் ரெக்கார்டர், டெக்சாசிலும் நியூ ஜெர்சியிலும் கவுண்டி கிளார்க், வட கரோலினாவில் ரிஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், புளோரிடாவில் சர்க்யூட் நீதிமன்றத்தின் கிளார்க் என்று அது அழைக்கப்படுகிறது. கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய மூன்று மாநிலங்களில் இப்பணி ஊராட்சிக் கிளார்க்கிடம் உள்ளது.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்றுண்டு. பத்திரங்களைப் பதியும் அலுவலகம் வேறு. வரிக்காக வீட்டை மதிப்பிடும் அசெசர் அலுவலகம் வேறு. சில கவுண்டிகளில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இயங்கினாலும் பதிவேடுகள் தனித்தனியானவை. இணையத்தில் முகவரியைத் தட்டியதும் வருவது பெரும்பாலும் வரிப் பதிவேடே. அதில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. அங்கு காணும் மனை எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்திரப் பதிவேட்டில் தேடுவதே முறையான வழி.

பத்திரப் பதிவேட்டில் கொடுத்தவர், பெற்றவர் எனப் பெயர்வழி அட்டவணைகள் உண்டு. தமிழ்ப் பெயர்கள் சிக்கலுக்கு உள்ளாவது இவ்வட்டவணைகளில்தான். தந்தை சுப்பிரமணியன், மகன் கார்த்திகேயன் எனில், மகனின் வீடு சுப்பிரமணியன் என்ற பெயரின் கீழ் அட்டவணையில் ஏறியிருக்கும். ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டில் வந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயருக்குப் பதிலாக 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து இடப்பட்டு, அதுவே வங்கித் தாள்கள் வழியாகப் பத்திரத்திலும் நுழைந்துவிடுவதுண்டு. கணவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவை ஓரிடத்தில் ஒருவகையாகவும் மற்றோரிடத்தில் வேறுவகையாகவும் இருக்கும். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுமே அன்றி, இரண்டும் ஒருவரே என்று ஊகிக்காது. ஆதலால் இரு பெயர்களையும் முன்பின்னாக மாற்றியும், முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டும் தேடிப் பார்த்தல் வேண்டும். பல கவுண்டிகளில் அட்டவணையைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. படிக்குச் சிறு கட்டணம் உண்டு. பழைய ஆவணங்களுக்கு நேரில் சென்று மைக்ரோஃபிலிம் சுருளைப் பார்க்க வேண்டியும் வரலாம்.

பதிவு கிடைத்தபின் கவனித்துப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, யார் யார் பெயர் உள்ளது என்பது. சார்பு விசாவில் வந்த மனைவிக்கு வருமானம் இல்லாததால் வங்கிக்கடன் கணவர் பெயரில் மட்டும் பெறப்படுகிறது. பத்திரமும் அப்படியே எழுதப்பட்டுவிடுகிறது. கடன் வேறு, உரிமை வேறு. கடன் பத்திரத்தில் கையொப்பமிடாதவரும் வீட்டின் உரிமையாளராக இருக்கலாம். உயில் இன்றிக் கணவர் மறைந்தால், அவர் பெயரில் மட்டும் உள்ள வீட்டை விற்கவோ மறுகடன் பெறவோ மனைவி பெரும்பாலும் புரோபேட் என்னும் நீதிமன்ற நடைமுறைக்குக் காத்திருக்க நேரிடும். கலிபோர்னியா, டெக்சாஸ் முதலிய ஒன்பது மாநிலங்களில் திருமணத்தின்பின் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று சட்டம் கருதுவதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. பிற மாநிலங்களில் அவ்வாறன்று. நியூ ஜெர்சியில் பிள்ளைகள் இல்லாமல், உயிலும் எழுதாமல் கணவர் இறந்து, அவருடைய பெற்றோர் உயிருடன் இருந்தால், அவர்களுக்கும் சட்டப்படி ஒரு பங்கு உண்டு. ஒருவர் மறைந்தால் மற்றவருக்கே முழு உரிமையும் சேரும் வகையில் பத்திரம் எழுதப்பட்டிருப்பின், இறப்புச் சான்றிதழையும் ஓர் உறுதிமொழித் தாளையும் பதிவதோடு பொதுவாகக் காரியம் முடிந்துவிடும். துயரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாதக்கணக்கான அலைச்சல் ஆகும்.

இரண்டாவது, கடன் தீர்ந்ததற்கான பதிவு. வீட்டுக்கடனை அடைத்து முடித்தாலும், மறுகடன் பெற்றுப் பழையதைத் தீர்த்தாலும், பழைய அடமானம் நீங்கியது என்று கடன் கொடுத்தவர் பதிவேட்டில் தெரிவித்தாக வேண்டும். அது விடுபட்டிருந்தால் வீட்டை விற்கும் நாளில்தான் தெரியவரும். அதற்குள் அந்த வங்கியே இல்லாமல் போயிருக்கலாம். வங்கிகள் தவறா என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. படித்துப் பாராமலே ஆயிரக்கணக்கான ஆவணங்களில் கையொப்பமிட்ட முறைகேடு 2010ஆம் ஆண்டில் வெளிப்பட்டு, 2012இல் ஐந்து பெரும் நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் ஏறத்தாழ 2,500 கோடி டாலர் மதிப்பில் உடன்பாடு கண்டதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

மூன்றாவது, வரி அறிவிப்பு செல்லும் முகவரி. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் கேரி ஜோன்ஸ் என்பவர் 1967இல் வாங்கிய வீட்டின் கதை அனைவரும் அறிய வேண்டியது. 1993இல் அவர் வேறிடம் குடிபோனார். மனைவி அவ்வீட்டிலேயே இருந்தார். முப்பதாண்டுக் கடன் 1997இல் தீர்ந்தது. அதுவரை சொத்து வரியைக் கட்டிவந்தது கடன் நிறுவனம். கடன் தீர்ந்ததும் வரியும் நின்றுபோயிற்று. மாநில அரசு பழைய முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால்கள் பெறுவாரின்றித் திரும்பின. சுமார் 80,000 டாலர் மதிப்புள்ள வீடு 21,042 டாலருக்கு விற்கப்பட்டது. திரும்பி வந்த தபாலோடு அரசு நின்றுவிடலாகாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் ஜோன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது உண்மையே. அதற்கு அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்கோ சென்னைக்கோ சென்றுவிடும் தமிழர்கள், முகவரி மாற்றத்தை அஞ்சலகத்துக்கு மட்டுமின்றிக் கவுண்டிக்கும் தெரிவிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

குறை காணப்பட்டால் திருத்தப் பத்திரம் எழுதிப் பதியலாம். சொத்தின் சட்டபூர்வ விவரணம் பழைய பத்திரத்தில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் இருத்தல், நோட்டரி முன்னிலையில் கையொப்பம், பதிந்தபின் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி, உரிய கட்டணம் ஆகியவை பொதுவான தேவைகள். கலிபோர்னியாவில் உரிமை மாற்றம் குறித்த தனிப் படிவம் ஒன்றையும் பத்திரத்துடன் இணைக்க வேண்டும். மனைவியின் பெயரைச் சேர்த்தால் வங்கி முழுக் கடனையும் உடனே கேட்குமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். குடியிருக்கும் வீட்டில் துணைவரை உரிமையாளராகச் சேர்ப்பதற்காக அவ்வாறு கேட்பதை 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. எனினும் உரிமைக் காப்பீடு தொடருமா என்பதையும், துணைவர் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவராயின் கொடைவரி நிலை என்ன என்பதையும் வழக்கறிஞரிடம் முன்னரே கேட்டறிந்து செய்தல் நன்று.

பதிவு அலுவலகம் தாளின் வடிவத்தைப் பார்க்குமே தவிர, அதில் உள்ளது உண்மையா என்று பொதுவாக ஆராய்வதில்லை. போலிக் கையொப்பமிட்ட பத்திரமும் பதிவாகிவிடக்கூடும். இதனால் பல கவுண்டிகள், ஒருவர் பெயரில் ஏதேனும் பதிவானால் மின்னஞ்சலில் அறிவிக்கும் சேவையை இலவசமாகவே வழங்குகின்றன. பெயரின் எல்லா எழுத்துக்கோவைகளிலும் அதில் பதிந்துகொள்வது ஐந்து நிமிட வேலை. மாறாக, வீடு வாங்கிய சில வாரங்களில் அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் வந்து, பத்திரத்தின் படிக்கு நூறு டாலர் வரை கேட்கும் தனியார் தாள்களுக்குப் பணம் அனுப்புவோர் ஏமாறுகின்றனர். அதே படியைக் கவுண்டி சில டாலருக்குத் தரும்.

இப்பதிவேடுகளில் பெயர் எழுதும் உரிமை ஆசியர்களுக்கு எளிதில் கிட்டியதன்று. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டார் வேளாண் நிலம் வாங்கலாகாது என்று கலிபோர்னியா 1913இல் சட்டம் இயற்றியது. பகத் சிங் திந்த் வழக்கில் 1923இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் இந்தியர்களும் அதன் பிடிக்குள் வந்தனர். உழைத்து உண்டாக்கிய நிலத்தை நண்பர்கள் பெயரிலும், இங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலும் எழுதி வைத்து, பிறர் நாணயத்தை நம்பி வாழ்ந்தனர் பஞ்சாபி உழவர்கள். 1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமைக்கான வழி திறந்தது. 1952இல் அந்த நிலச் சட்டம் செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அன்று சட்டம் மறுத்த உரிமையை இன்று கவனக்குறைவால் இழப்பது தகுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கை முடிக்கும் வாரத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து தம் வீட்டின் பதிவை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்வழக்கம். ஆங்கிலமும் கணினியும் பழகாத முதியோருக்குத் தமிழ்ச் சங்கங்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி உதவலாம். இரண்டு மடிக்கணினிகளும் பொறுமையுள்ள நான்கு இளைஞர்களும் அதற்குப் போதும். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் அக்கறையில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்தால், நாளை ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாயும் பிள்ளைகளும் தம் கூரையின் கீழ் அச்சமின்றி இருப்பர்.