மனையை மறைக்கும் மொழி

அரங்கம் என்பது ஆற்றிடைக்குறை. கா என்பது சோலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கமும் திருவானைக்காவும் என்ன நிலம் என்பதை அவற்றின் தமிழ்ப்பெயர்களே சொல்லிவிடும். ‘சீரங்கம்’, ‘சம்புகேசுவரம்’ என வடமொழியாளர் திரித்த பின்னரே அப்பொருள் மறைந்தது. அன்று கோயிலின் பெயரால் நடந்த அம்மறைப்பு, இன்று மனைத்தரகரின் விளம்பரத்தால் நடக்கின்றது.

இரண்டு ஆறுகளுக்கு இடையே நிலம் வளர்வதில்லை. குடியேற விரும்புவோர் தொகையே வளர்கின்றது. ஆகவே, கொள்ளிடத்துக்கு அப்பால் நெடுந்தொலைவிற் கிடக்கும் வயலும் ‘திருவானைக்காவிற்கு மிக அருகில்’ என்று விலை கூறப்படுகின்றது. நேற்றுவரை ஏரி, தாங்கல், படுகை என்று வழங்கிய இடம் இன்று ‘சிட்டி’, ‘அவென்யூ’, ‘என்கிளேவ்’ எனப் பெயர் பூணுகின்றது. இதனை வெறும் ஆங்கில மயக்கம் எனத் தள்ளலாகாது. நீர் வந்து தங்கும் இடம் இது என்னும் எச்சரிக்கையைப் பழம்பெயர் தந்தது. புதுப்பெயர் அதனை அழித்துவிட்டது. 2018 ஆகத்துத் திங்களில் முக்கொம்பில் கொள்ளிட மதகுகள் உடைந்ததையும், திருவானைக்காவை வடகரையோடு இணைத்த பழைய பாலத்தின் தூண்கள் சரிந்ததையும் கண்ட பின்னரும், ‘ஆற்றங்கரை மனை’ என்று விற்போர் வெள்ளத்தைப் பற்றி வாய் திறவார்.

‘ஊராட்சி ஒப்புதல் பெற்றது’ என்பது தமிழகமெங்கும் பரப்பப்பட்ட மற்றொரு பொய். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலின்றி ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவை முறையானதாக்காது. 2016 செப்தம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்முறைமன்றம் ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபொழுதுதான் பலருக்குக் கண் திறந்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டியவன் ஏமாந்த ஏழையே. பொய்யுரைத்த தரகனோ தரகுக்கூலியோடு என்றோ போய்விட்டான்.

திருவரங்கத்தில் அடிமனை கோயிலுக்குரியதா, குடியிருப்போருக்குரியதா என்னும் சிக்கல் நெடுங்காலமாக உள்ளது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் இசைவின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. வில்லங்கச் சான்றிலோ பதிவானவை மட்டுமே தெரியும். எனினும், ‘வில்லங்கமில்லை’ என்னும் ஒரே சொல்லால் தரகர் யாவற்றையும் மூடுகின்றனர். ஆவணத்தைப் புரட்டினால் கிரயம், தபசில் என அயற்சொற்கள் முட்டுகின்றன. வாங்குவோன் விளங்காது விழிக்கின்றான். தரகன் கூறும் உரையையே மெய்யென நம்புகின்றான். சோழர் காலத்து விலையாவணங்களோ நான்கெல்லையையும், பக்கத்து நிலத்தையும், ஓடும் வாய்க்காலையும் தமிழில் எழுதின. ஊரறியக் கோயிற் சுவரிலும் வெட்டப்பட்டன.

சட்டம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெறாத தரகர் பதிவுக்குரிய திட்டங்களை விற்கத் தடை செய்கின்றது. விளம்பரத்தில் திட்டத்தின் பதிவெண் இருத்தல் வேண்டும் என்கின்றது. மீறும் தரகர்க்கு நாளொன்றுக்கு 10,000 உருபா வீதம், மனைவிலையில் 5 விழுக்காடு வரை ஒறுப்புத்தொகை உண்டு. ஆயின், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திட்டங்களுக்குப் பதிவு வேண்டுவதில்லை. ஏழை எளியோர் நம்பி வாங்கும் சிறுமனைகள் பலவும் இவ்விடைவெளியில் சிக்குகின்றன.

நேர்மையாய்த் தொழில் புரியும் தரகரும் உளர். அவர்க்கு மெய்யைத் தமிழில் எழுதுவதால் இழப்பொன்றுமில்லை. எனவே, மனை விளம்பரம் ஒவ்வொன்றும் பழைய ஊர்ப்பெயர், புல எண், நான்கெல்லை, நீர்வழி, உரிமையாளர், ஒப்புதல் எண் ஆகியவற்றைத் தெளிதமிழில் தாங்குமாறு அரசு ஆணையிடல் வேண்டும். ஆவணமும் எளியோர்க்கு விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும். அதுவரை, தமிழில் எழுதித் தர மறுக்கும் தரகனிடம் ஒரு காசும் முன்பணம் கொடாதிருப்பதே தமிழர்க்குக் காப்பு.