மேளதாளத்துக்குப் பிறகு

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூர், வி. ஸ்ரீபதியை மேளதாளத்தோடு வரவேற்றது. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். குழந்தை பெற்ற சில நாளிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தேர்வானவர்.

கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால், இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இப்படிச் சாதித்துக் காட்டினால்தான் திரும்பிப் பார்ப்போமா? சாமை விளைச்சலை மட்டும் நம்பி ஆண்டு முழுக்க அடுப்பெரியாது. பெற்றோர் கூலி தேடி மலையிறங்கினால் பிள்ளையும் கூடவே போகும். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் தங்கும். 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. அவர்களிலும் தகப்பன்மார்கள் இருந்தார்கள்.

மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள், பெற்றோர் வெளியூர் போகும் நாட்களில், விடுமுறையானாலும் சோறு போட்டுத் திறந்திருக்கட்டும். அடுத்த கோடையிலேயே அரசு இதைத் தொடங்கலாம்.